பாக்டீரியாவைக் கொல்லும் புரதத்தை பாக்டீரியாவிடமே செய்து வாங்குவது எப்படி?

சோதனைக்குழாய் | திங்கள், இரவு 9.40

வணக்கம். முதுகலை உயிரித்தொழில்நுட்பம், கடைசி அரையாண்டு. ப்ராஜெக்டுக்கு எல்எல்-37 என்ற பெப்டைடை, அதாவது சின்னப் புரதத்தை, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரிக்கலாம் என்று எடுத்தேன். நம் வெள்ளணுக்களும் தோலும் தாமாகவே சுரக்கிற கிருமிக்கொல்லி அது. 37 அமினோ அமிலம்தான், ஜீனும் சின்னது, ஒரு மாத வேலை என்று நினைத்தேன். மூன்று மாதம் ஓடிவிட்டது.

கல்ச்சர் நன்றாகத்தான் வளர்கிறது. செல் அடர்த்தியைக் காட்டும் ஓடி 0.6 வந்ததும், ஜீனைத் தூண்டிவிடும் ஐபிடிஜி போடுகிறேன். ஒரு மணி நேரத்தில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. இன்னொரு மணி நேரத்தில் ஓடி இறங்கத் தொடங்குகிறது. செல்லை உடைத்து, புரதங்களை எடை வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினால், 4.5 கிலோடால்டன் எடையுள்ள பெப்டைடு இருக்க வேண்டிய இடம் வெறிச்சென்று கிடக்கிறது. ஐந்து முறை செய்தாயிற்று, ஐந்து முறையும் இதே கதை.

என் வழிகாட்டி, "இதை விட்டுவிட்டு ஆன்டிபாடித் துண்டு ஏதாவது செய்யேன். ஆன்டிபாடிதான் மருந்தாகும், பெப்டைடெல்லாம் கட்டுரையோடு சரி" என்கிறார். அது உண்மையா? உண்மை என்றால் ஏன்? பொய் என்றால் என் கல்ச்சரை எப்படிக் காப்பாற்றுவது?

வெள்ளெலி | திங்கள், இரவு 10.25

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பன்னிரண்டு வருடமாகச் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களோடுதான் குடும்பம் நடத்துகிறேன். 1957ல் தியோடர் பக் பிரித்து வளர்த்த செல் வரிசை அது. இன்றைய ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பாலானவை அதன் பேரன் பேத்திகளில்தான் தயாராகின்றன. ஆகவே நான் ஆன்டிபாடிக் கட்சி. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வழிகாட்டி சொன்னதில் பாதி சரி. ஆனால் ஆன்டிபாடியும் ஒரே நாளில் மருந்தாகவில்லை. கோலரும் மில்ஸ்டைனும் 1975ல் ஹைபிரிடோமா செய்தார்கள். ஆன்டிபாடி சுரக்கும் எலிச் செல்லையும் சாகாத புற்றுச் செல்லையும் ஒட்டவைத்து, ஒரே வகை ஆன்டிபாடியை விடாமல் சுரக்கிற செல்லை உண்டாக்கினார்கள். 1984ல் நோபல் கிடைத்தது. முதல் மருந்தான மியூரோமோனாப் 1986ல் வந்தது, சிறுநீரக மாற்று நோயாளிகளுக்காக. அது முழுக்க முழுக்க எலிப் புரதம். நோயாளியின் உடம்பு அதை வேற்றாள் என்று அடையாளம் கண்டு, ஆன்டிபாடிக்கே ஆன்டிபாடி செய்துவிட்டது. மறுபடி கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. சில சமயம் ஆபத்தும் கூட.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எலியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே அனுப்பிய கதைதான். முதலில் ஒய் வடிவ ஆன்டிபாடியின் அடிப்பகுதியை மனிதனுடையதாக மாற்றினார்கள். 1997ல் வந்த ரிட்டுக்சிமாப் அந்த வகை. கிரெக் வின்டரின் குழு 1986லேயே இன்னொரு படி போயிருந்தது. ஆன்டிஜெனை, அதாவது ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இலக்கை, தொடுகிற வளையங்களை மட்டும் எலியிடமிருந்து எடுத்து, மனித ஆன்டிபாடியின் சட்டத்தில் பொருத்தினார்கள். 1998ல் வந்த டிராஸ்டுசுமாப் அந்த வழியில் வந்தது. அடுத்தது ஃபேஜ் டிஸ்ப்ளே. எலியே வேண்டாம். கோடிக்கணக்கான மனித ஆன்டிபாடித் துண்டுகளை பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேல் ஆளுக்கொன்றாக மாட்டிவிட்டு, ஆன்டிஜென் பூசிய தட்டில் ஊற்றுவார்கள். ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, ஒட்டியவற்றை ஈ.கோலையில் பெருக்கி, மறுபடி ஊற்றுவார்கள். மூன்று நான்கு சுற்றில் கெட்டிக்காரர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். 2002ல் அனுமதி பெற்ற அடலிமுமாப் அப்படி வந்தது. ஃபேஜ் டிஸ்ப்ளேக்காக ஜார்ஜ் ஸ்மித்துக்கும் வின்டருக்கும் 2018 வேதியியல் நோபலில் பாதி.

மருந்தின் பெயரிலேயே இந்த வரலாறு இருந்தது. ஓமாப் என்று முடிந்தால் எலி, சிமாப் என்றால் கலப்பு, சுமாப் என்றால் ஏறக்குறைய மனிதன், உமாப் என்றால் முழு மனிதன். 2017ல் உலக சுகாதார நிறுவனம் அந்த அடையாளத்தை எடுத்துவிட்டது. எனக்கு இன்னும் வருத்தம்.

விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வேலையிலும் ஆன்டிபாடியின் பிடிக்கும் பலத்தைக் கூட்டியது ஒரு பங்குதான். உடம்பு அதைத் தூக்கி எறியாமல் பார்த்துக்கொண்டதுதான் பெரும்பங்கு. உங்கள் பெப்டைடுக்கு அந்தப் பாதுகாப்பு ஒன்றுமே இல்லை.

நைந்தகோட்டு | திங்கள், இரவு 11.50

வெள்ளெலி வரலாறு சொல்லிவிட்டார். நான் ஐந்து வருடம் பெப்டைடோடு மல்லுக்கட்டியவள். கல்ச்சரைப் பார்ப்போம்.

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் செய்துகொண்டிருப்பது, ஒருவன் கையில் விஷத்தைக் காய்ச்சச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவன் ஏன் மயங்கி விழுகிறான் என்று கேட்பது போல. ஐபிடிஜி போட்டதும் ஈ.கோலை எல்எல்-37ஐச் செய்யத் தொடங்குகிறது. அந்தப் பெப்டைடில் நேர்மின்னூட்டம் ஆறு. ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் கொழுப்பை விரும்பும். பாக்டீரியாவின் சவ்வில் எதிர்மின்னூட்டக் கொழுப்புகள் ஏராளம். பெப்டைடு போய் ஒட்டி, கொழுப்புப் பக்கத்தை உள்ளே நுழைத்து, சவ்வைக் குலைக்கிறது. நம் செல்களின் வெளிப்புறத்தில் அந்த மின்னூட்டம் இல்லை, கொலஸ்டிராலும் கலந்திருக்கிறது. அதனால்தான் நாம் பெருமளவு தப்பிக்கிறோம். சாகாத சில செல்களும் அந்தச் சின்னப் பெப்டைடை அவிழ்ந்து கிடக்கும் குப்பை என்று நினைத்து, புரதத்தை வெட்டும் நொதிகளான தங்கள் புரோட்டியேஸ்களால் மென்று விடுகின்றன. இரண்டில் எது நடந்தாலும் ஜெல்லில் பேண்ட், அதாவது பெப்டைடின் கோடு, வராது.

தீர்வு பழையது. விஷத்தின் வாயைக் கட்டிவிட்டுக் காய்ச்சச் சொல்ல வேண்டும். எல்எல்-37க்கு முன்னால் சூமோ என்ற புரதத்தை ஒட்டுங்கள், அதற்கும் முன்னால் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு. பெரிய புரதத்தின் வாலாக இருக்கும்வரை பெப்டைடால் சவ்வில் சரியாக நுழைய முடியாது, புரோட்டியேஸும் அவ்வளவாகத் தொடாது. ஐபிடிஜியைக் குறைத்து, 18 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். ஹிஸ்டிடினைப் பிடிக்கும் நிக்கல் மணிகள் நிரப்பிய குழாயில், அதாவது நிக்கல் காலத்தில் (column), பிடித்துக் கழுவிய பிறகு யுஎல்பி1 என்ற நொதியால் வெட்டுங்கள். சூமோவை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த நொதி சூமோவின் கடைசிக் கிளைசினுக்குப் பின்னால் துல்லியமாக வெட்டும். உங்கள் பெப்டைடின் முதல் இரண்டு லியூசினும் அப்படியே கிடைக்கும், ஒட்டுக் கழிவு எதுவும் மிஞ்சாது. தயோரெடாக்சின் என்ற வேறு புரதத்தை ஒட்டி வேறு நொதியால் வெட்டினால் பெரும்பாலும் ஓரிரு எழுத்து கூடுதலாக நின்றுவிடும்.

இன்னொன்று. ஜெல் வெறிச்சென்று கிடந்ததாகச் சொன்னீர்கள். சாதாரண 12 சதவீத கிளைசின் ஜெல்லா? அப்படியென்றால் 4.5 கிலோடால்டன் சாயத்தோடு சாயமாக ஓடிக் கீழே விழுந்திருக்கும். சின்னப் புரதங்களுக்கான டிரைசின் ஜெல் போடுங்கள். சாயம் நீக்கும்போதும் சின்னப் பெப்டைடு ஜெல்லை விட்டுக் கழுவிக்கொண்டு போய்விடும். முதலில் குளூட்டரால்டிஹைடில் நிலைநிறுத்துங்கள். ஐந்து முறையில் ஒரு முறையாவது பெப்டைடு இருந்து, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.

சூமோ ஒட்டிய புரதம் கணக்குப்படி 17 கிலோடால்டன் பக்கம். ஜெல்லில் 20க்கு மேலே நிற்கும். பயப்பட வேண்டாம், சூமோவின் குணம் அப்படி.

சொல்லாய்வன் | செவ்வாய், காலை 7.15

நல்ல இழை. ஒரே குறை. பிறபொருளெதிரி என்ற அருமையான சொல் இருக்க, ஆன்டிபாடி ஆன்டிபாடி என்று எழுதுவானேன்?

வெள்ளெலி | செவ்வாய், காலை 7.32

ஐயா, சொல் அருமைதான். "ஒற்றைப்படியாக்கப் பிறபொருளெதிரி" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்லிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

மட்டுறுத்துநர் | செவ்வாய், காலை 8.05

சொல்லாக்கத்துக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே புரதம் மட்டும்.

இரவுப்பணி | செவ்வாய், மதியம் 2.10

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. நோயாளியின் படுக்கைப் பக்கத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

வெள்ளெலி நண்பர் சொன்ன மருந்துகளில் ஒன்றாவது பாக்டீரியாவுக்கு எதிரானதா? புற்றுக்கும் மூட்டுவாதத்துக்கும் ஆன்டிபாடி கொட்டிக் கிடக்கிறது. கிருமி என்று வந்தால் விரல்விட்டு எண்ணலாம். 2012ல் ராக்சிபாகுமாப், 2016ல் ஒபில்டாக்சாக்சிமாப், இரண்டும் ஆந்த்ராக்ஸுக்கு. மனிதரிடம் சோதித்துப் பார்க்க வழியில்லாததால், விலங்குச் சோதனைகளின் பலத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. 2016லேயே பெஸ்லோடாக்சுமாப், குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் தொற்று திரும்பத் திரும்ப வராமல் தடுக்க. சோதனையில் 27 சதவீதம் பேருக்குத் திரும்பி வந்தது 17 ஆகக் குறைந்தது. பரவாயில்லாத மருந்து. ஆனால் 2025 தொடக்கத்தோடு அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றுக்கும் பொதுவாக ஒன்றைக் கவனியுங்கள். மூன்றுமே கிருமியைத் தொடுவதில்லை, அது வெளியே விடும் நச்சைத்தான் பிடிக்கின்றன. நச்சு ஒரே வடிவம், ரத்தத்தில் மிதப்பது, பிடிக்க எளிது. கிருமியின் மேற்பரப்பு அப்படியில்லை. ஒரே இனத்துக்குள் டஜன் கணக்கில் உறை வகைகள் இருக்கும். ஒரு வகைக்குச் செய்த ஆன்டிபாடி அடுத்த வகையைக் கண்டுகொள்ளாது. எந்த வகை என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நாளாவது வேண்டும், செப்சிஸ் நோயாளிக்கு அந்த ஒரு நாள் இருக்காது.

யோசித்தால் 1890ல் பெரிங்கும் கிட்டசாட்டோவும் செய்ததும் இதுதானே. நச்சு ஊட்டிய விலங்கின் சீரத்தை எடுத்து, டிப்தீரியா நச்சை முறித்தார்கள். நூற்றிமுப்பது வருடத்தில், சீரத்துக்காக வளர்த்த குதிரை போய்ச் சுத்தமான புரதம் வந்திருக்கிறது. எதிரி அதே நச்சுதான்.

2019ல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகம் முழுக்கப் பன்னிரண்டேமுக்கால் லட்சம் பேர் என்பது லான்செட் மருத்துவ இதழின் கணக்கு. ஆகவே பெப்டைடோ ஆன்டிபாடியோ, எனக்குக் கட்சி கிடையாது. கையில் ஏதாவது கொடுங்கள்.

தவளைத்தோல் | செவ்வாய், மாலை 6.45

டாக்டர் கேட்டதற்கு விடை தவளையிடம் இருக்கிறது என்று நம்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவன் நான்.

மைக்கேல் சாஸ்லாஃப் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆப்பிரிக்கத் தவளைகளின் முட்டைகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். வயிற்றைக் கீறி, முட்டையை எடுத்து, தைத்து, பழைய தொட்டியிலேயே விட்டுவிடுவார். கலங்கிய தண்ணீர், எத்தனையோ கிருமிகள் இருக்கும். ஆனால் காயத்தில் சீழே வைக்கவில்லை. ஏன் என்று தோலை அரைத்துத் தேடியதில் கிடைத்ததுதான் மெகைனின், 1987ல். 23 அமினோ அமிலம். எபிரேய மொழியில் கேடயம் என்ற சொல்லிலிருந்து பெயர். அதற்கு முன்னால் 1981ல் ஸ்வீடனில் ஹான்ஸ் போமான் ஒரு பட்டுப்பூச்சி இனத்தின் கூட்டுப்புழுவில் செக்ரோபினைக் கண்டெடுத்திருந்தார். பூச்சிக்கு ஆன்டிபாடி கிடையாது. ஆன்டிபாடியே இல்லாமல் பூச்சிகள் கோடிக்கணக்கான வருடம் வாழ்ந்துகொண்டுதானே இருக்கின்றன.

இன்னொரு அழகு. அமினோ அமிலங்களில் இடக்கை வடிவம், வலக்கை வடிவம் என்று உண்டு. உயிர்கள் புரதம் கட்டுவது இடக்கை வடிவத்தில். மெகைனினை முழுக்க வலக்கை வடிவத்தில், கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலச் செய்து பார்த்தார்கள். அதே பலத்தோடு கொன்றது. அப்படியென்றால் அது எந்தப் பூட்டிலும் நுழையும் சாவி இல்லை. நேரே சவ்வைத்தான் உடைக்கிறது. புரோட்டியேஸ்களுக்கோ அந்தப் பிம்ப வடிவத்தை வெட்டத் தெரியாது. சவ்வையே மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்கு எளிதல்ல, ஆகவே எதிர்ப்புத்திறனும் சுலபத்தில் வராது.

வெள்ளெலி | செவ்வாய், இரவு 9.20

தவளைத்தோல், கதை அழகு. கடைசி வரியை மட்டும் விடமாட்டேன்.

சாஸ்லாஃபும் நீங்கள் சொன்னதைத்தான் நம்பினார். கிரஹாம் பெல் என்ற பரிணாமவியலாளர், வராது என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். கடைசியில் இருவரும் சேர்ந்தே சோதித்தார்கள். மெகைனினை மேம்படுத்திச் செய்த பெக்சிகனானை ஈ.கோலைக்கும் ஒரு சூடோமோனாஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுத்து, 600 முதல் 700 தலைமுறை வளர்த்தார்கள். 24 வரிசைகளில் 22 எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டன. 2006ல் வெளியானது, சாஸ்லாஃப் பெயரும் போட்டு. தன் கருத்தைத் தானே சோதித்து, தோற்றதைத் தன் பெயரிலேயே வெளியிட்டவருக்கு ஒரு வணக்கம்.

சவ்வை மாற்ற முடியாது என்பதும் சரியில்லை. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் சவ்வுக் கொழுப்பில் லைசினை ஒட்டி, எதிர்மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. பெப்டைடுக்கு ஒட்ட இடமில்லாமல் போகிறது. கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் பெப்டைடு வகைதான். அதற்கு எதிரான எம்சிஆர்-1 ஜீன், கிருமிக்குக் கிருமி தாவும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடில் ஏறி ஊர் சுற்றுவது 2015ல் தெரியவந்தது.

பெக்சிகனானின் கதை இன்னும் சோகம். நீரிழிவுக் கால்புண்ணுக்குக் களிம்பாகக் கொண்டுவந்தார்கள். 1999ல் அமெரிக்க அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. பல வருடம் கழித்து வேறு பெயரில் மறுபடி முயன்று, 2016ல் மறுபடி தோற்றது. தட்டில் கொன்றது, ஆனால் அனுமதி வாங்கும் அளவுக்குப் புண்ணில் தேறவில்லை.

இரவுப்பணி | செவ்வாய், இரவு 11.05

புண் என்றால் என்ன என்று ஆய்வகத்தார் ஒரு முறை பார்க்க வேண்டும். சீழ், உப்பு, ரத்தச் சீரம், செத்த செல்களின் டிஎன்ஏ, நம்முடையதும் கிருமியுடையதுமாகப் புரோட்டியேஸ்கள், எல்லாம் கலந்த கூழ். டிஎன்ஏ எதிர்மின்னூட்டம் உடையது. உங்கள் பெப்டைடு போய் அதில் ஒட்டிக்கொள்ளும். தட்டில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

நைந்தகோட்டு | புதன், காலை 6.30

டாக்டர் சரியான இடத்தில் கை வைத்தார். நம் உடம்பின் இன்னொரு கிருமிக்கொல்லிப் பெப்டைடு வகையான டிஃபென்சின்களில் சில, உடம்பில் இருக்கும் சாதாரண உப்பு அளவிலேயே சோர்ந்துவிடும். எல்எல்-37 ரத்தத்தில், கொழுப்பைச் சுமக்கும் ஏபோலிப்போபுரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அது நம்மையே கொல்லாமல் இருக்கிறது என்றும் சொல்லலாம். இயற்கை இந்தப் பெப்டைடுகளை ரத்தத்தில் மிதக்கவிடுவதற்காகச் செய்யவில்லை. வெள்ளணுவின் பைக்குள்ளே, தோலின் மேலே, குடலின் மடிப்பிலே, தேவையான இடத்தில் மிக அதிகச் செறிவில் ஒரு நொடி கொட்டிவிட்டு மறைவதற்காகச் செய்தது. அதை எடுத்து நரம்பில் ஏற்றி மூன்று நாள் வேலை பார் என்றால் எப்படிப் பார்க்கும்?

ஆகவே நாம் பொறியியல் என்று செய்வதெல்லாம் தாக்குப்பிடிக்க வைக்கிற வேலைதான். தலையையும் வாலையும் மூடுவது, வளையமாகக் கட்டுவது, வலக்கை அமினோ அமிலம் சேர்ப்பது. நைசின் இதை முன்பே செய்து வைத்திருக்கிறது. 34 அமினோ அமிலம், உள்ளே ஐந்து வளையம். பாக்டீரியா தன் சுவரைக் கட்ட வைத்திருக்கும் லிப்பிட் 2 என்ற செங்கல்லையே பிடித்துக்கொள்ளும். உணவு கெடாமல் இருக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுகிறது, பாக்கெட்டின் மேல் இ234 என்று போட்டிருக்கும். கட்டுரையோடு சரி என்று சொன்ன வழிகாட்டியிடம் அந்தப் பாக்கெட்டைக் காட்டுங்கள்.

வெள்ளெலி | புதன், காலை 9.00

தாக்குப்பிடிப்பது என்றதும் என் பங்குக்கு. ஐஜிஜி என்ற வகை ஆன்டிபாடி ரத்தத்தில் பாதியாகக் குறைய மூன்று வாரம் ஆகும். அதே அளவுள்ள மற்றப் புரதங்கள் சில நாளில் போய்விடும். ஏன் இந்தச் சலுகை? ரத்தக்குழாய்ச் செல்கள் ரத்தப் புரதங்களை அவ்வப்போது விழுங்கிச் செரிக்கின்றன. விழுங்கிய பையில் அமிலம் ஏறி பிஎச் 6 ஆகும்போது, எஃப்சிஆர்என் என்ற ஏற்பி ஆன்டிபாடியின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். செரிக்கும் இடத்துக்குப் போகவிடாமல் மறுபடி வெளியே கொண்டுவரும். ரத்தத்தின் பிஎச் 7.4ல் பிடி தளர்ந்து ஆன்டிபாடி நீந்திப் போய்விடும். குப்பை லாரியிலிருந்து ஒருவர் தினமும் உங்களை இறக்கிவிடுவது மாதிரி.

அடிப்பகுதியில் மூன்றே அமினோ அமிலத்தை மாற்றி அந்தப் பிடியை இறுக்கினார்கள். குழந்தைகளுக்கு ஆர்எஸ்வி வைரஸ் வராமல் தடுக்கும் நிர்செவிமாப் அப்படிப்பட்டது. பாதியாகக் குறைய எழுபது நாள் பக்கம். முன்பிருந்த பாலிவிசுமாபை மாதம் ஒரு ஊசியாக ஐந்து வரை போட வேண்டியிருந்தது. இதை ஒரு பருவத்துக்கு ஒன்று போட்டால் போதும். வைரஸைப் பிடிக்கும் முனையோடு அந்த மூன்று எழுத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

கேள்வி கேட்டவருக்கு: ஆன்டிபாடித் துண்டு செய்தால் எளிது என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்கும் முனையை மட்டும் ஒரே சங்கிலியாகக் கோத்த எஸ்சிஎஃப்வி என்ற துண்டு 27 கிலோடால்டன். முழு ஆன்டிபாடியைப் போல மேலே சர்க்கரை ஒட்ட வேண்டியதில்லை, ஆகவே ஈ.கோலை போதும். ஆனால் உள்ளே கந்தகத்தோடு கந்தகம் சேரும் டைசல்ஃபைடு பிணைப்பு வேண்டும். செல்லின் நடுவில் அது சரியாக உருவாகாது. சமிக்ஞை வரிசை ஒட்டி, இரண்டு சவ்வுக்கும் இடையில் உள்ள பகுதிக்கு அனுப்ப வேண்டும். அப்புறம், அடிப்பகுதி இல்லாததால் உடம்பில் சில மணி நேரத்தில் சிறுநீரகம் வடிகட்டிவிடும். ஒட்டகத்தின் ஆன்டிபாடியிலிருந்து வந்த நானோபாடி இன்னும் சின்னது, 15 கிலோடால்டன், நன்றாக மடியும், மாணவர்களுக்கு ஏற்றது. 1993ல் பிரஸ்ஸல்ஸில் கண்டுபிடித்தது 2018ல் காப்லாசிசுமாப் என்ற மருந்தாக ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. நடுவில் 25 வருடம். உங்கள் அரையாண்டு கணக்கில் வராது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஆன்டிபாடியைச் சுத்தம் செய்ய எங்கள் முதல் சுத்திகரிப்புக் குழாயில் இருப்பது புரோட்டீன் ஏ. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ், நம் ஆன்டிபாடியைத் தலைகீழாகப் பிடித்து ஏமாற்ற வைத்திருக்கும் ஆயுதம் அது. அதையே மணிகளில் ஒட்டிவைத்து, ஆயிரக்கணக்கான லிட்டர் கல்ச்சர் நீரை மேலே ஊற்றுகிறோம். ஆன்டிபாடி மட்டும் ஒட்டிக்கொள்ளும், மற்றதெல்லாம் ஓடிவிடும். பிஎச்சை 3.5க்கு இறக்கினால் ஆன்டிபாடி கழன்று வரும். திரையில் அந்தக் கோடு செங்குத்தாக எழும்போது இன்றைக்கும் எழுந்து நின்றுதான் பார்ப்பேன்.

கணினிக்காரன் | புதன், மதியம் 1.15

இத்தனை கஷ்டம் எதற்கு? செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் வரிசையை எழுதித் தராதா? 2024 வேதியியல் நோபலே புரத வடிவமைப்புக்கும், புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டுக்கும்தானே.

நைந்தகோட்டு | புதன், மதியம் 1.40

தரும், ஆயிரம் தரும். நியாண்டர்தால் மனிதரின் புரதங்களில் புதைந்திருந்த பெப்டைடுகளைக்கூடக் கணினி வழியே தேடி எடுத்துச் செய்து பார்த்திருக்கிறார்கள். வரிசைக்குப் பஞ்சமில்லை. அந்த ஆயிரத்தில் எது சீரத்தில் நிற்கும், எது சிவப்பணுவை உடைக்கும் என்பதற்குப் பயிற்சி கொடுக்கும் அளவுக்கு நல்ல தரவு இல்லை. அதை யாராவது குழாயில் செய்து கொடுக்க வேண்டும். நீங்கள் வருகிறீர்களா?

தவளைத்தோல் | புதன், இரவு 8.30

தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், பாதி. இரண்டையும் சேர்த்தால் என்ன? 2015ல் ஜெனென்டெக் நிறுவன ஆய்வாளர்கள், ஸ்டெஃபிலோகாக்கஸின் சுவரைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ரிஃபாம்பிசின் குடும்பத்து ஆன்டிபயாடிக் மருந்து ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். கிருமி ஆன்டிபாடியோடு வெள்ளணுவுக்குள் போனதும், அங்கே இருக்கும் நொதி கட்டை வெட்டி மருந்தை அவிழ்த்துவிடும். உள்ளே ஒளிந்திருந்த கிருமியும் மாட்டிக்கொள்ளும். மருந்துக்குப் பதில் பெப்டைடைக் கட்டினால்?

வெள்ளெலி | புதன், இரவு 9.10

யோசனை நல்லது. பெப்டைடின் நேர்மின்னூட்டத்தால் மொத்த ஆன்டிபாடியும் கண்ட இடத்தில் ஒட்டத் தொடங்கும், மூன்று வாரம் மூன்று நாளாகும். அந்த முனையை மூடிவைத்து, போய்ச் சேர்ந்த பிறகு திறக்க வழி பண்ணினால் நான் உங்கள் கட்சி.

சோதனைக்குழாய் | ஏழு வாரம் கழித்து, வெள்ளி, இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. நான் தங்கைதான், நைந்தகோட்டு அக்கா.

சூமோ ஒட்டி, 18 டிகிரியில் இரவு முழுக்க விட்டேன். கல்ச்சர் சாகவில்லை. நிக்கல் காலத்தில் பிடித்ததை ஜெல்லில் ஓட்டினால் 22 கிலோடால்டன் பக்கம் தடித்த பேண்ட். யுஎல்பி1 போட்டு நான்கு மணி நேரம் கழித்து டிரைசின் ஜெல்லில் ஓட்டினேன். மேலே சூமோ, கீழே மயிரிழை போல ஒரு கோடு. எல்எல்-37! ஈ.கோலை தட்டில் குழி வெட்டி ஊற்றினேன். 11 மில்லிமீட்டர் தெளிந்த வட்டம். வழிகாட்டியை அறையிலிருந்து கையோடு கூட்டி வந்து காட்டினேன்.

நைந்தகோட்டு | வெள்ளி, இரவு 10.40

வாழ்த்துகள். பெப்டைடு இல்லாமல் அதைக் கரைத்த நீரை மட்டும், வெறும் பஃபரை, ஊற்றிய குழி எத்தனை மில்லிமீட்டர்?

சோதனைக்குழாய் | வெள்ளி, இரவு 10.44

அது போடவில்லை அக்கா.

நைந்தகோட்டு | வெள்ளி, இரவு 11.10

போடுங்கள். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. என் முதல் பெப்டைடு அவ்வளவு பிரமாதமாகக் கொன்றது. ஒரு கருத்தரங்கில் சுவரொட்டியே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் எதில் கரைத்தீர்கள் என்று கேட்டார். அசிட்டிக் அமிலம் என்றேன். எத்தனை சதவீதம் என்று கேட்டார். அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. நான் இரண்டு வருடமாக அமிலத்தால் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன்.

நிக்கல் காலத்திலிருந்து புரதத்தைக் கழற்றப் போட்ட இமிடசோல் உங்கள் பஃபரில் இருக்கிறது. அதை நீக்குங்கள். டயாலிசிஸ் பை எடுக்கும்போது கவனம். ஆய்வகத்தில் வழக்கமாகக் கிடக்கும் பையின் துளை 10 கிலோடால்டனுக்கு மேலே இருக்கும். 4.5 கிலோடால்டன் பெப்டைடு இரவோடு இரவாக வாளித் தண்ணீரில் கலந்துவிடும். 2 கிலோடால்டன் பை கேளுங்கள். தட்டில் அகாருக்குப் பதில் அகரோஸ் ஊற்றுங்கள். அகாரில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது, பெப்டைடு குழியின் ஓரத்திலேயே சிக்கிக்கொள்ளும். பாலிஸ்டைரின் குழாயிலும் வைக்காதீர்கள், சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலின்.

சோதனைக்குழாய் | இரண்டு வாரம் கழித்து, வியாழன், மாலை 5.30

பஃபர் மட்டும் ஊற்றிய குழி: 9 மில்லிமீட்டர். அன்று இரவு தூங்கவில்லை.

2 கிலோடால்டன் பையில் மாற்றி, அகரோஸில், ஒரே தட்டில் நான்கு குழி வெட்டினேன். வெறும் பஃபர்: வட்டமே இல்லை. பெப்டைடு: 7. பெப்டைடும் உடம்பில் உள்ள அளவுக்கு உப்பும்: 6க்குக் கொஞ்சம் குறைவு. பெப்டைடும் சீரமும்: ஒன்றுமில்லை, குழியின் விளிம்பு வரை பாக்டீரியா செழித்து நிற்கிறது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இதேதான்.

வெள்ளெலி | வியாழன், மாலை 6.05

அந்த நான்காவது குழியை ஒதுக்கிவிடாதீர்கள். ஆய்வறிக்கையில் படத்தோடு போடுங்கள்.

சோதனைக்குழாய் | வியாழன், மாலை 6.20

போட்டுவிட்டேன். வழிகாட்டி அதையே முதல் படமாக வைக்கச் சொல்கிறார்.